இரண்டே கேள்விகளோடு ஓவியம் பார்க்கலாம்: கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நம் பக்கத்திலிருந்து பெங்களூரு போகிறவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், வேலை விஷயமாகப் போவார்கள், கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போவார்கள். அரை நாள் கையில் மிச்சமிருந்தால் லால்பாக். அந்த அரை நாளில் பல நூற்றாண்டு ஓவியங்களைக் கண்ணெதிரே பார்த்துவிட்டு வர முடியும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர்தான்.

நான் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவன். முதன்முதலில் பெங்களூரில் ஓர் ஓவியக்கூடத்துக்குப் போனபோது, இரண்டு மணி நேரத்தில் இருநூறு படம் பார்த்திருப்பேன். ஒவ்வொன்றின் கீழும் இருந்த சீட்டை ஒன்று விடாமல் படித்தேன். ஓசூர் தாண்டுவதற்குள் ஒரு படம்கூட மனதில் நிற்கவில்லை. வெகுநாள் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. அருங்காட்சியகத்தில் எல்லாப் படமும் ஒரே உயரத்தில், வெள்ளைச் சுவரில், ஒரே மாதிரி விளக்கின் கீழ் தொங்குகிறது. அவை பிறந்த இடங்கள் அப்படி இல்லை. ஒன்று பாறை மடிப்பில் இருந்தது, ஒன்று கோயில் விதானத்தில் இருந்தது, ஒன்று பூஜை அறையில் எண்ணெய் விளக்குக்குப் பக்கத்தில் இருந்தது. இடத்தை விட்டுப் பிரித்துவிட்டால் படத்தில் பாதி போய்விடும். அந்தப் பாதியை மனதால் திரும்பக் கொண்டுவரத் தெரிந்தவர் ஓவியத்தை அனுபவிப்பார்.

அதற்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது இரண்டே கேள்விகள். இந்தப் படம் முதலில் எங்கே இருந்தது? இதில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? இந்த இரண்டும் போதும். கலை வரலாறு பிறகு தானே வந்து சேரும்.

முதல் படி: பாறையில் தொடங்குங்கள்

பெங்களூருக்கு முன்னால் நம் மலைகளைப் பாருங்கள். பர்கூர் அருகே மல்லப்பாடியில் வெள்ளை நிறத்தில் தீட்டிய பாறை ஓவியங்கள் உண்டு. குதிரைமேல் இருக்கும் மனிதர்கள் எதிரெதிரே மோதுவதுபோன்ற உருவங்கள் அதில் பேர்பெற்றவை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இப்படிப் பல மலைகளில் ஓவியங்கள் இருக்கின்றன. அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-இல் அறிவிக்கப்பட்டு ஊரெல்லாம் பேசப்பட்ட மயிலாடும்பாறையிலும் பாறை ஓவியங்கள் உண்டு.

ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு காலையில் ஏறுங்கள். பாறைக்குப் போனதும் முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியாது. வெள்ளைக் கறை மாதிரி ஏதோ இருக்கும். அவசரப்படாமல் குந்தி உட்காருங்கள். தீட்டியவர் எந்த உயரத்தில் உட்கார்ந்து தீட்டினாரோ அந்த உயரத்துக்கு உங்கள் கண் இறங்கும்போது, கறைக்குக் கால் முளைக்கும். அது குதிரை என்று தெரியும். மேலே இருப்பவன் கையில் இருப்பது ஆயுதம் என்று தெரியும்.

இங்கே இரண்டாவது கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? படத்துக்குள் வெளிச்சமே இல்லை. நிழலும் இல்லை. உருவம் வெறும் கோடாகவும் நிறைந்த வெள்ளையாகவும் இருக்கிறது. வெளிச்சம் முழுக்க வெளியே, உங்கள் முதுகுப் பக்கத்து வானத்திலிருந்து வருகிறது. இதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு காலத்தையும் இதோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

ஒரு வேண்டுகோள். போட்டோவில் பளிச்சென்று தெரியவேண்டும் என்று ஓவியத்தின்மேல் தண்ணீர் தெளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சாக்பீஸால் கோட்டின்மேல் கோடு போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள், பிள்ளைகளையும் செய்ய விடாதீர்கள். இத்தனை தலைமுறை மழைக்கும் வெயிலுக்கும் தப்பியது நம் கைபட்டுப் போய்விடக் கூடாது.

இரண்டாம் படி: அதியமான்கோட்டையில் அண்ணாந்து பார்ப்பது

தருமபுரியிலிருந்து சேலம் சாலையில் கொஞ்ச தூரம் போனால் அதியமான்கோட்டை. பைரவர் கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் சிலரே பக்கத்துச் சென்றாயப் பெருமாள் கோயிலுக்குள் போகிறார்கள். மண்டபத்து விதானத்தில் இராமாயணம், பாரதக் காட்சிகள் ஓவியமாக இருக்கின்றன. பல இடங்களில் உதிர்ந்தும் புகை படிந்தும் போனாலும், இருப்பது போதும்.

அம்மாவை ஒருமுறை அங்கே கூட்டிப் போனேன். அவளுக்குப் படிப்பில்லை, ஆனால் எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடந்தால் விடிய விடியக் கூத்துப் பார்த்தே வளர்ந்தவள். கழுத்தைப் பின்னால் சாய்த்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது நம்ம கூத்துல கட்டற கிரீடமாட்டம் இல்ல? புஜக்கட்டைகூட அப்படியேதான் இருக்குது பாருடா" என்றாள். அப்புறம் ஒவ்வொரு உருவமாக, கையைப் பார்த்தே யார் என்று சொல்லத் தொடங்கினாள். நான் பாடப்புத்தகத்தில் "சுவரோவிய மரபு" என்று படித்ததை அவள் உடம்பால் அறிந்து வைத்திருந்தாள். கூத்துக்காரர் வேஷம் கட்டி வந்து நின்றால் முகத்தைவிடக் கிரீடமும் கையும்தான் தூரத்துக்கு அடையாளம். விதான ஓவியமும் அப்படித்தான், பார்க்கிறவர் பத்தடிக்குக் கீழே நிற்கிறார் என்று தெரிந்தே தீட்டியது. அதனால்தான் கண்ணைப் பெரிதாகப் போட்டு, வெளிக்கோட்டை அழுத்தமாக இழுத்திருக்கிறார்கள்.

கழுத்து வலிக்கும், அதற்கு ஒரு வழி இருக்கிறது. கையகலக் கண்ணாடி ஒன்றை எடுத்துப் போங்கள். அர்ச்சகரிடம் கேட்டுக்கொண்டு, கண்ணாடியை இடுப்பு உயரத்தில் மல்லாத்திப் பிடித்துக் குனிந்து பாருங்கள். விதானம் கண்ணாடிக்குள் வந்துவிடும். ஒரு காட்சியில் தொடங்கி அடுத்ததற்கு மெல்ல நகருங்கள். படம் உங்களை நடக்க வைப்பது அப்போது தெரியும். கதை ஒரே இடத்தில் நிற்பதில்லை, கட்டம் கட்டமாகப் போகிறது. நாமும் கூடவே போகவேண்டும்.

இங்கேயும் நிழலைத் தேடுங்கள். அர்ச்சுனன் நிழல் தரையில் விழாது, பெருமாள் நிழலும் விழாது. பாறையில் பார்த்தது போலவே.

காலங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதைப் புரிந்துகொள்ளத் தஞ்சைப் பெரிய கோயிலைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி என்கிற ஆய்வாளர், கருவறையைச் சுற்றிய இருட்டு நடையில் நாயக்கர் கால ஓவியம் உதிர்ந்த இடத்தில் அடியில் இன்னொரு ஓவியம் இருப்பதைக் கண்டார். அது சோழர் காலத்தது. ஒரே சுவரில் இரண்டு காலம், நடுவில் விரலளவுகூட இல்லாத சுதை. அருங்காட்சியகத்தில் "சோழர்", "நாயக்கர்" என்று தனித்தனியாகப் படிக்கும்போது இந்தச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒரு பயிற்சி: நடுகல்

தருமபுரி அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் இருக்கின்றன. இறந்த வீரர்களின் நினைவாக உருவம் செதுக்கி நட்ட கற்கள் அவை, ஓவியம் அல்ல. ஆனால் கண்ணைப் பழக்க அவற்றைவிட நல்லது இல்லை. வீரனுக்கு நேராக நின்று பாருங்கள், பிறகு பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். வெளிச்சம் சாய்ந்து விழும் பக்கத்திலிருந்து பார்க்கும்போதுதான் கத்தியும் இடுப்புத் துணியும் எழுந்து வரும். இந்த நகர்வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தங்க ஓவியங்களுக்கு வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: போவதற்கு முன் செய்யவேண்டியவை

பெங்களூரில் எனக்குப் பிடித்த இரண்டு இடங்கள். அரண்மனைச் சாலையில் மாணிக்கவேலு மாளிகையில் இருக்கும் தேசிய நவீன ஓவியக்கூடம், 2009-இல் திறந்தது. திங்கட்கிழமை விடுமுறை. மற்றொன்று குமாரகிருபா சாலையில் இருக்கும் சித்ரகலா பரிஷத். சென்னைக்குப் போகிறவர்களுக்கு 1851-இல் தொடங்கிய எழும்பூர் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. எந்த ஊராக இருந்தாலும் முதல் நாளே போன் செய்து எந்தக் கூடம் திறந்திருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். மராமத்துக்காக மூடியிருப்பதும், காட்சியில் இருக்கும் படங்கள் மாறுவதும் வழக்கம்.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பசியோடு ஓவியம் பார்க்க முடியாது. பையை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சின்ன நோட்டும் பென்சிலும் மட்டும் போதும். பேனா வேண்டாம், மை சிந்தினால் ஈடு செய்ய முடியாத இடம் அது. போட்டோவுக்கு அனுமதி இருந்தாலும் பிளாஷ் கூடாது. காவலாளியிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். நம் பக்கத்தில் பாதிப் பேருக்குக் கன்னடமோ தெலுங்கோ வாய்க்கு வரும். நாள் முழுக்க அந்தப் படங்களோடு நிற்பவர் அவர். எந்தப் படத்தின் முன்னால் ஜனங்கள் அதிக நேரம் நிற்கிறார்கள் என்று கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்.

உள்ளே போனதும் எல்லா அறைகளையும் நிற்காமல் ஒரு சுற்று நடந்து வாருங்கள். இருபது நிமிடம் ஆகட்டும். நடக்கும்போது உங்களை அறியாமல் திரும்பிப் பார்க்க வைத்த ஐந்து படங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மற்றவை அடுத்த தடவைக்கு. பிறகு ஒவ்வொன்றின் முன்னாலும் பத்து நிமிடம். முதலில் சீட்டைப் படிக்காதீர்கள். சீட்டைப் படித்தால் கண் வேலையை நிறுத்திவிடும். பார்த்து முடித்தபின் படியுங்கள், உங்கள் ஊகம் சரியா என்று தெரிந்துகொள்ள.

நான்காம் படி: தங்கத்தின் முன்னால் குனியுங்கள்

தஞ்சாவூர் ஓவியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அருங்காட்சியக விளக்கில் மிகவும் இழப்பது அதுதான். பலாப் பலகைமேல் துணி ஒட்டி, அதன்மேல் சுண்ணப்பொடியும் கோந்தும் குழைத்த மக்கைப் பூசி, நகையும் தூணும் வளைவும் புடைத்து எழும்படி செய்வார்கள். அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டி, கல் பதிப்பார்கள். அதாவது அது பாதி ஓவியம், பாதி புடைப்புச் சிற்பம்.

நேராக நின்றால் தங்கம் மஞ்சள் பெயின்ட் மாதிரி தட்டையாகத் தெரியும். உட்கார்ந்து கும்பிடுகிறவர் கண் இருக்கும் உயரத்துக்குக் குனியுங்கள். அங்கிருந்து மெல்ல இடமும் வலமும் அசையுங்கள், நடுகல் முன்னால் செய்த மாதிரி. தவழும் கண்ணன் கழுத்து மாலை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு மின்னிக்கொண்டு போகும். பூஜை அறையில் விளக்குச் சுடர் அசையும், பார்க்கிறவர் அசையாமல் இருப்பார். இங்கே விளக்கு அசையாது, அதனால் நாம் அசைகிறோம். இரண்டாவது கேள்விக்கு இந்தப் படத்தில் பதில் விசித்திரமானது. வெளிச்சம் படத்துக்குள் வரையப்படவில்லை, படத்தின் மேற்பரப்பே வெளிச்சத்தை வாங்கித் திருப்பி அனுப்புகிறது.

சித்ரகலா பரிஷத்தில் மைசூர் ஓவியங்களைப் பார்க்கலாம். தெரியாதவர்கள் இரண்டையும் ஒன்று என்று நினைப்பார்கள். மைசூர் பாணியில் மக்கு வேலை மெல்லியது, விரல் வைத்தால்தான் புடைப்பு தெரியும் என்கிற அளவு. விரல் வைக்காதீர்கள், பக்கவாட்டிலிருந்து பாருங்கள். கல் பதிக்கும் வழக்கம் இல்லை. தங்கம் அடங்கி ஒளிரும், கோடு நுணுக்கமாக இருக்கும். தஞ்சாவூருக்கும் மைசூருக்கும் நடுவில் வாழ்கிற நமக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருப்பது அழகு.

நிறங்களுக்குப் பெயர் சொல்லிப் பழகுங்கள். "சிவப்பு, பச்சை" என்று நிறுத்தாதீர்கள். ஜவுளிக்கடையில் புடவைக்குச் சொல்வோமே, அரக்கு, மாந்தளிர், மயில்கழுத்து, கிளிப்பச்சை, வெங்காயச் சருகு என்று, அந்தப் பெயர்களைச் சொல்லுங்கள். பெயர் கிடைத்த நிறம் மறக்காது. என் மாணவி ஒருத்தி ஒரு படத்து வானத்தைக் காட்டி, "சார், இது செந்தூரா மாம்பழத்தோட தோள்பட்டை கலர்" என்றாள். அந்த வானம் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஐந்தாம் படி: நிழல் விழுந்த காலம்

1792-இல் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த கையோடு, தாமஸ் டேனியல் என்கிற ஆங்கில ஓவியரும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் சென்னையிலிருந்து புறப்பட்டுப் பாராமகால் வழியாகப் போனார்கள். பாராமகால் என்பது நம் பகுதியின் பழைய பெயர், அதாவது நாம்தான். ராயக்கோட்டையையும் ஜெகதேவியையும் வரைந்தார்கள். லண்டன் திரும்பியபின் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டி "ஓரியண்டல் சீனரி" என்ற பெரிய தொகுப்பாக வெளியிட்டார்கள். நம் மலை, நம் கோட்டை, ஆனால் வேறு ஒரு கண்ணால்.

இதை எங்கே வைத்துப் பார்த்திருப்பார்கள்? லண்டனில் ஒரு வீட்டு மேசைமேல், விரித்து, உட்கார்ந்து, தாள் தாளாகப் புரட்டி. அதனால் இந்த வகை அச்சுப் படங்களைக் கண்டால் கிட்டே போங்கள், முழங்கை தூரத்துக்கு, காவலாளி அனுமதிக்கிற அளவுக்கு. வெளிச்சம்? முதல் தடவையாகச் சூரியன் எந்தப் பக்கம் என்று சொல்ல முடிகிறது. மலையின் ஒரு முகம் வெளிச்சத்தில், ஒரு முகம் நிழலில்.

நூறு வருடத்துக்குள் அந்த நிழல் நம் சாமி படங்களுக்குள் வந்துவிட்டது. ரவி வர்மா (1848–1906) எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய பெண்களின் புடவை மடிப்பைப் பாருங்கள். மடிப்புக்கு உள்ளே இருட்டு, மேட்டில் ஒளி. 1894-இல் அவர் பம்பாயில் அச்சகம் தொடங்கியபின் அந்த லட்சுமியும் சரஸ்வதியும் வீடுவீடாகப் போனார்கள். உங்கள் வீட்டிலோ, பழைய மளிகைக்கடையிலோ அந்த லட்சுமி இன்னும் சட்டத்துக்குள் இருப்பாள். போவதற்கு முன் அவளை நன்றாகப் பார்த்துவிட்டுப் போங்கள். பிறகு அசல் எண்ணெய் ஓவியம் ஒன்றின் முன்னால் நின்று, மூன்றடியில் ஒரு தடவை, பத்தடியில் ஒரு தடவை பாருங்கள். கிட்டே தூரிகை இழுப்பாகத் தெரிந்தது தூரத்தில் பட்டாக மாறும். அச்சில் இந்த மாற்றம் நடக்காது.

ஆறாம் படி: நிழலை வேண்டாம் என்றவர்கள்

அடுத்த தலைமுறை இந்த நிழலைத் தெரிந்தே விட்டது. வங்காள ஓவியர் அபனீந்திரநாத் தாகூரும் அவர் மாணவர்களும் சுதேசி நாட்களில், ஐரோப்பியப் பாணி எண்ணெய் வண்ணத்தை ஒதுக்கிவிட்டு நீர்வண்ணத்துக்கு வந்தார்கள். தீட்டிய தாளை நீரில் நனைத்துக் காயவைத்து மறுபடி தீட்டுவார்கள். 1903 வாக்கில் வந்த ஜப்பானிய ஓவியர்களிடமிருந்தும் அவர்கள் எடுத்துக்கொண்டது உண்டு. விளிம்பெல்லாம் பனியில் கரைந்த மாதிரி இருக்கும். ஓசூர்ப் பக்கம் மார்கழிக் காலையில் பஸ் ஏறியவர்களுக்கு அந்த வெளிச்சம் புதிதல்ல. மைசூர்க்காரரான வெங்கடப்பா (1886–1965) அபனீந்திரநாத்திடம் படித்தவர். அவருடைய ஊட்டிக் காட்சிகளைக் கண்டால் அவசரப்படாதீர்கள். சத்தம் போடாத படங்கள் அவை, பத்து நிமிடம் அவற்றுக்குப் போதாது.

இன்னொரு வங்காள ஓவியரான ஜாமினி ராய் இன்னும் ஒரு படி போனார். ஒரே கோடு, தட்டை நிறம், பெரிய கண். அவர் படத்தின் முன்னால் நின்றபோது எனக்கு அதியமான்கோட்டை ஞாபகம் வந்தது. காலங்கள் நேர்கோட்டில் முன்னேறுகின்றன என்று நினைத்திருந்தேன். இங்கே ஒருவர் வேண்டுமென்றே திரும்பிப் போய், பழைய கோட்டைப் புதிதாக எடுத்து வந்திருக்கிறார்.

ஏழாம் படி: புரியவில்லை என்று நகர்ந்துவிடாதீர்கள்

நவீன அறையில் நம் ஆட்கள் வேகமாக நடப்பார்கள். நான் கூட்டிப் போகிறவர்களை கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977) படம் இருந்தால் அதன் முன்னால் நிறுத்துவேன். சென்னையில் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர். 1963 முதல் அவர் தீட்டிய "வார்த்தைகளும் குறியீடுகளும்" வரிசையில், ஜாதகக் கட்டம் மாதிரி கட்டங்கள் இருக்கும், எழுத்து மாதிரி வரிகள் இருக்கும். கண் தானாகவே வாசிக்கப் போகும், வாசிக்க முடியாது. ஜோசியர் எதிரே உட்கார்ந்து, அவர் கையிலிருக்கும் ஓலையையோ நோட்டையோ தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் நமக்கு உண்டே, அந்தத் தவிப்புதான் அது. அதை உணர்ந்துவிட்டால் படம் உங்களுக்குள் வந்துவிட்டது. இதற்கு மேல் "என்ன அர்த்தம்" என்று கேட்கத் தேவையில்லை.

இந்தப் படங்கள் முதலில் எங்கே இருந்தன? பெரும்பாலும் இப்படிப்பட்ட வெள்ளைச் சுவரில்தான். அருங்காட்சியகத்தையே வீடாக நினைத்துப் பிறந்த முதல் ஓவியங்கள் இவை. இங்கே நீங்கள் குனியவும் வேண்டாம், அண்ணாந்து பார்க்கவும் வேண்டாம். இயல்பாக நின்றாலே போதும்.

திரும்பும் வழியில்

பஸ்ஸில் உட்கார்ந்ததும், போனை எடுக்கும் முன், ஐந்து படத்தையும் நோட்டில் கோட்டுருவமாகப் போட்டுப் பாருங்கள். அழகாக வரவேண்டியதில்லை. எந்த மூலை நினைவுக்கு வரவில்லையோ அங்கே கேள்விக்குறி போடுங்கள். அடுத்த தடவை போகும்போது முதலில் பார்க்கவேண்டிய இடம் அது.

தருமபுரிக்காரர்கள் ஓசூர் வழி ரயிலில் வந்தால் கெலமங்கலம் தாண்டியதும் ராயக்கோட்டை வரும். ஜன்னலோரம் உட்காருங்கள். டேனியல்கள் வரைந்த ராயக்கோட்டைப் படத்தைப் போனில் இறக்கி வைத்திருந்தால், மலையையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். எந்த இடத்தில் நின்று அதை வரைந்திருப்பார்கள் என்று நானும் பிள்ளைகளும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தேடிவிட்டோம். ஒரு புளியமரத்தடியில் உச்சிச் சரிவு பொருந்துகிறது, ஆனால் வெளிச்சம் எதிர்ப்பக்கம் விழுகிறது. அடுத்த முறை சாயங்காலம் போகிறோம்.